நடுச்சுவர்

"ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வையுங்க. மெட்ராஸ்ல அம்மை எப்படின்னு சொல்லப் போறான்" என்றாள் ஆஸியா.

பலீல் கூட்டி வைத்தார். மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் விற்கிற மனுஷர். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் குடும்பத்தோடு கப்பல் ஏறப் போகிறார். தலைமன்னாரில் ஏறி, அக்கரையில் நாகூர்க் கந்தூரி பார்த்து, அப்படியே மெட்ராஸையும் ஒரு சுற்று. இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

ஆஸியாவுக்கோ நோய்ப் பயம்.

"அங்க அம்மையாம், வாந்திபேதியாம். பச்சத் தண்ணி வாயில வைக்கப்படாதாம்."

"அதான் எல்லாருக்கும் ஊசி போட்டுச் சீட்டும் எடுத்தாச்சே புள்ள."

"சீட்டு வந்து நோயத் தடுக்குமா? நம்ம மஸீஹாக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அப்போதுதான் நடுச்சுவரில் அந்தச் சத்தம். டொக், டொக், டொக்.

"கேட்டீங்களா? ரேடியோ சத்தம் அவளுக்குக் காது வலிக்குதாம்!"

அவள் என்றால் பக்கத்து வீட்டு வேலம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். புருஷன் செத்தபின் டவுனுக்கு வந்து, மாவு இடித்துக் கொடுத்துப் பிழைக்கிறாள். ஒரே மகன் அக்கரைக்குப் போய் எட்டு வருஷம். ஒரு கடிதாசி கிடையாது.

பயணத்துக்கு மாவு இடித்து வறுத்துத் தருகிறேன் என்று தானாகச் சொன்னவள், மூன்று நாளாக எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிடப் போன மகள் மஸீஹாவைக் கதவைக்கூடத் திறக்காமல், "உள்ள வராத பாப்பா, போயிரு!" என்று விரட்டிவிட்டாள். பிள்ளை அழுதுகொண்டே வந்தது.

"பொறாமை, வேறென்ன? மகன் இருக்கிற ஊருக்கு அவளால போக ஏலாது, நாம போறமாம்" என்றாள் ஆஸியா.

"விடு. தனி மனுஷி, பாவம்."

"தனியா இருந்தா இவ்வளவு திமிரா? இன்னும் கூட்டுங்க!"

பலீல் ரேடியோவை இன்னும் கூட்டினார். அதற்குப் பிறகு சுவரில் சத்தம் வரவில்லை.

அடுத்த நாள் ஆஸியா தானே மாவு வறுத்தாள். புகை கண்ணில் ஏற ஏற, சுவரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "சில பேருக்கு மனசே சின்னது!"

அந்தியானால் ரேடியோ. காலையானால் பத்திரிகை. கொதிக்க வைத்த தண்ணீருக்கு ஆறு போத்தல், பிள்ளைகள் கழுத்தில் கட்டக் கற்பூரப் பொட்டலம், பிழிந்து குடிக்க ஒரு பை நிறையத் தேசிக்காய். அக்கரையில் எந்த ஊரில் என்ன நோய் என்று ஆஸியாவைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள்.

புறப்படும் நாள் வந்தது.

"வீட்டுச் சாவிய யார்ட்ட குடுக்கிற? கோபத்த விட்டுட்டு அவட்டயே குடு. கோழிக்குத் தீனி போட வேற ஆள் யாரு?" என்றார் பலீல்.

வேலம்மா வீட்டு முன்கதவு சாத்தியிருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆஸியா பின்பக்கம் போனாள்.

பின்கதவு நிலையில் ஒரு கொத்து வேப்பிலை தொங்கியது. காய்ந்து சருகாகியிருந்தது.

ஆஸியாவின் கால் அப்படியே நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து வேலம்மா வந்தாள். பாதி ஆளாக இருந்தாள். முகமெல்லாம் தழும்பு.

"பயப்படாதீங்க தங்கச்சி. மூணு தண்ணியும் ஊத்தியாச்சு. இனி யாருக்கும் ஒட்டாது."

"யா அல்லாஹ்! எப்ப அக்கா?"

"மாவு இடிக்க வர்றேன்னு சொன்னேனே, அதுக்கு மறுநாளுங்க."

"கஞ்சி... கஞ்சி யார் வச்சுத் தந்த?"

"யாரு இருக்கா? எந்திரிக்க முடிஞ்ச நாள் நானே வச்சுக்கிட்டேன்."

"வேப்பிலைய வாசல்ல கட்டியிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

"அதுக்குத்தான் பின்னால கட்டினேன். வாசல்ல கட்டினா சுகாதார ஐயா பாத்துருவாரு. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் கப்பல் கிடையாதுன்னுருவாரு. பாப்பா அந்தக் கப்பலுக்கு எம்புட்டு ஆசையா இருந்துச்சு. அதான் கிட்ட வரவிடாம விரட்டினேன். பாப்பா கோவிச்சுக்கிச்சா?"

ஆஸியாவுக்கு வெட்கமாக இருந்தது. கையிலிருந்த சாவியை நீட்டவும் முடியவில்லை.

"ஒரே சுவர்தானே அக்கா நமக்கு... ஒரு தரமாவது கூப்பிட்டிருக்கப்படாதா?"

வேலம்மா சிரித்தாள்.

"கூப்பிடக் கூடாதுன்னுதான் இருந்தேன். மூணாம் நாளு காய்ச்ச வேகத்துல, ஒரு செம்பு தண்ணிக்காக, புத்தி கெட்டுப் போயி சுவத்தத் தட்டிட்டேன். நல்லவேளை தங்கச்சி, ரேடியோ சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."