இளவரசியின் கடைசி வரி

ரோமில் கவிஞன் இல்லாத தெரு ஏது? வெத்தியாவுக்கு வாய்த்த புருஷனே கவிஞன்தான். போன கோடையில் பாட்டு எழுதுவதாகச் சொல்லிக் கடற்கரை ஊருக்குப் போன நுமேரியுஸ், இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பினான். அவள் மன்னித்துவிட்டாள்; நம்பத்தான் முடியவில்லை.

இப்போது அவன் பழங்கதை இளவரசி ஒருத்தியின் குரலில் எழுதுகிறான். தூங்கியவளைத் தீவில் விட்டுவிட்டுக் காதலன் கப்பலேறிவிட்டான். அவள் பாட்டின் கடைசி வரி, "திரும்பி வா, மன்னிக்கிறேன்." மாலையில் மெழுகு பூசிய இரட்டைப் பலகையில் எழுத்தாணியால் எழுதுவான், காலையில் அந்த வரி மட்டும் வழித்தெடுக்கப்பட்டிருக்கும்.

"எவங்க அவ, நம்ம வீட்டுக்குள்ளயே வந்து அழிச்சிட்டுப் போறவ?" என்றாள் வெத்தியா.

"நீதான்டி அழிக்கிற! பாட்டுல வர்றவகிட்டகூடப் பொறாமையா?"

ஐந்தாம் நாள் இரவு வெத்தியா இரட்டைப் பலகையைப் புத்தகம்போல் மூடி, கயிறு கட்டி, தன் மோதிரத்தால் முத்திரையிட்டுத் தலைக்கடியில் வைத்துக்கொண்டாள். காலையில் முத்திரை உடையாமல் இருந்தது. இருவரும் சேர்ந்தே திறந்தார்கள். கடைசி வரியின் இடத்தில், இருவருக்கும் பழக்கமில்லாத கையெழுத்து: "நான் அப்படிச் சொல்லவில்லை."

வெத்தியா இரண்டு முறை படித்தாள்.

"நான்தான் மன்னிச்சிட்டேன்னு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்," என்றாள். "அந்த ரெண்டு மாசம் யாரோட இருந்தீங்க?"

நுமேரியுஸ் பலகையைப் பிடுங்கி மூடப் பார்த்தான். பலகையிலிருந்து ஈரமான கடல்மணல் அவன் மடியில் உதிர்ந்துகொண்டே இருந்தது.