க்ளெண்டாவின் தட்டு

நோரீன் மறுபடியும் க்ளெண்டாவின் தட்டில் கை வைத்தாள்.

இந்த முறை வான்கோழிக் கால். கேட்கக்கூட இல்லை. எடுத்தாள், கடித்தாள், "உப்பு கம்மி" என்றாள்.

மேஜைக்கு எதிர்ப்பக்கம் இருந்த கிறிஸ்டல், க்ளெண்டாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். "பாவம்டி நீ. வாங்கிக்கறது நீ, திங்கறது அவ."

ஒஹையோவில் ஒரு சின்ன இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அவர்களுடையது. வருஷா வருஷம் முதலாளி ரஸ்ஸல் எல்லோரையும் இந்த ராஜா காலத்துத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். மரக் கொட்டகைகள், குதிரைச் சண்டை, தகரக் கவசத்துக்குள் வியர்த்து ஊற்றும் வீரர்கள். ரஸ்ஸல் தலையில் அட்டைக் கிரீடம். சாப்பாடு அவர் உபயம். வேண்டாம் என்றால் ராஜாவுக்குக் கோபம் வரும்.

க்ளெண்டாவுக்கு அதுதான் சிக்கல். வசந்த காலத்தில் ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சின்னதாக்கியிருந்தாள். இப்போது அது ஒரு வாழைப்பழ அளவு. காய்ந்த இறைச்சியும் ரொட்டியும் இறங்காது. இறங்கினாலும் அதே வழியாகத் திரும்பி வந்துவிடும்.

ஆபீஸில் 'பித்தப்பை ஆபரேஷன்' என்று சொல்லி வைத்திருந்தாள். உடம்பு இளைக்க ஆரம்பித்ததும் எல்லோரும் ரகசியம் கேட்டார்கள்.

"ரகசியம் என்ன? தினமும் நடக்கறேன். வாயைக் கட்டறேன். அவ்வளவுதான்."

ரஸ்ஸலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உடனே எடைக் குறைப்புப் போட்டி வைத்தார். முதல் பரிசு க்ளெண்டாவுக்கு. வரவேற்பறைச் சுவரில் அவள் போட்டோ. கடைசி இடம் நோரீனுக்கு. இத்தனைக்கும் தினமும் மதியம் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தவள் நோரீன்தான். எடைதான் அசையவில்லை.

இன்று காலையிலிருந்து க்ளெண்டா தனக்கு ஒத்துவரும் சாப்பாட்டைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

"வருக, சீமாட்டியே! அடியேன் யாது பரிமாறட்டும்?" என்று குனிந்தான் தொப்பியில் இறகு செருகிய சூப்கடைக்காரன்.

"சூப் மட்டும் போதும். ரொட்டி வேண்டாம். ஒரு கப்புல குடுங்க."

"ரொட்டியைக் குடைந்து அதனுள் வார்ப்பதே எம் நாட்டு வழக்கம், சீமாட்டி!"

"கப்பே இல்லையா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "கப் தீந்துபோச்சு மேடம்."

ரொட்டியோடு வாங்கிக்கொண்டு வந்து இரண்டு ஸ்பூன் குடித்திருப்பாள். வயிறு நிறைந்துவிட்டது. "என்ன, அவ்ளோதானா?" என்று கிறிஸ்டல் எட்டிப் பார்ப்பதற்குள், நோரீன் வந்து சூப்பைக் குடித்து ரொட்டியையும் பிய்த்துத் தின்றுவிட்டாள். அடுத்து ஆப்பிள் கேக். அதுவும் அப்படியே போயிற்று. இப்போது வான்கோழிக் கால்.

"நோரீன், போட்டியில நீ ஏன் கடைசின்னு இப்பத்தான் புரியுது!" என்றார் ரஸ்ஸல்.

மேஜையே சிரித்தது. க்ளெண்டாவும் சிரித்தாள்.

நோரீன் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா இருந்தது" என்றாள்.

குதிரைச் சண்டைக்கு முரசு அடித்தார்கள். எல்லோரும் எழுந்து ஓடினார்கள். மேஜையில் மிஞ்சியது க்ளெண்டாவும் நோரீனும்தான்.

க்ளெண்டாவுக்கு அவளிடம் நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "தப்பா நினைக்காதே நோரீன். எல்லாரும் சிரிக்கறாங்க, பாக்கவே கஷ்டமா இருக்கு. கேக்காம அடுத்தவங்க தட்டுல கை வைக்கலாமா? கொஞ்சம் மனசைக் கட்டுப்படுத்து. என்னைப் பாரேன், என்னால முடியலையா?"

நோரீன் பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவையும் குழந்தைகளுக்கு ஊட்டுகிற ஸ்பூனையும் எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"தயிர். கெட்டியா, சர்க்கரை போடாம. ஐஸ் வெச்சுத்தான் கொண்டு வந்தேன். இங்க உனக்கு ஒத்துக்கற மாதிரி ஒண்ணும் கிடைக்காதுன்னு தெரியும்."

க்ளெண்டா சட்டென்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"எனக்கு ஒத்துக்கற மாதிரின்னா?"

"என் தங்கச்சிக்கும் இதே ஆபரேஷன்தான். அவளும் சாப்பிடறப்ப தண்ணியைத் தொட மாட்டா. ஒரு வாய் எடுத்தா அரை மணி நேரம் மெல்லுவா. மெதுவா சாப்பிடு, ஒண்ணும் அவசரமில்ல."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நீ ஆபரேஷன் முடிஞ்சு வேலைக்கு வந்த முதல் வாரமே."

அதாவது போட்டிக்கு முன்பே. சுவரில் போட்டோ மாட்டிய அன்று முதல் ஆளாகக் கை தட்டியவள் நோரீன்.

க்ளெண்டா ஸ்பூனை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்றதா இருந்தா நீயே சொல்லியிருப்பே."

"அப்புறம் எதுக்கு என் தட்டுல இருந்து எடுத்து எடுத்துத் தின்னே? எல்லார் முன்னாடியும் பேச்சு வாங்கிட்டு?"

நோரீன் பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"உன் தட்டு நிறைஞ்சே இருந்தா ஏன்னு கேப்பாங்க, க்ளெண்டா. குண்டா இருக்கறவ தின்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."