பனிக்குள் ஆயிரம் மீட்டர்

கம்பி வேலியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவள் கண்களை மூடினாள்.

திறந்திருந்தாலும் ஒன்றுதான். ஊட்டிப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் வெள்ளையாய் எதுவோ நின்றது. எதிர்ப்பக்கத்துக் கற்பூர மரங்கள் இல்லை. பஸ் நிலையம் இல்லை. இரண்டு கை தூரத்துக்கு அப்பால் ஊரே இல்லை.

வலது கட்டைவிரல் மட்டும் ஸ்டாப்வாட்சின் பொத்தான் மேல் விழித்திருந்தது.

வியாழக்கிழமை. சனிக்கிழமைப் பந்தயங்களுக்கு முன்னால் குதிரைகளை வேகமாக ஓடவிட்டுப் பார்க்கும் கடைசிக் காலை. எது எத்தனை நொடியில் ஓடியது என்று எட்டரை மணிக்குள் அவள் மாலைப் பத்திரிகைக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் மூன்று பெயர்கள். ஜெயிக்கும் என்று அவள் நம்புகிற வரிசையில்.

கடிகாரம் சொல்லாத பெயரை அவள் எழுதியதே இல்லை. கடிகாரம் சொன்னதையும் இரண்டு முறை சந்தேகப்பட்ட பிறகுதான் எழுதுவாள்.

ஐந்தாவது பந்தயத்துக்கு இரண்டு பெயர்கள் நேற்றே முடிவாகிவிட்டன. மூன்றாவது வரி காலி.

அந்த வரிக்காகத்தான் நேற்று சாயங்காலம் லாயத்து வாசலில் தனகோட்டி அவளை நிறுத்தினார். ‘காப்பர் மூன்’ என்ற ஏழு வயதுப் பெண்குதிரைக்குத் தீனி வைத்து, தேய்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுப்பவர். பந்தய அட்டையில்தான் அது காப்பர் மூன். அவருக்குச் செல்லி.

கோயம்புத்தூர் முதலாளி குதிரையைப் பார்ப்பதில்லை. பேப்பரைத்தான் பார்ப்பார். இந்த வாரம் அவளுடைய மூன்று பெயர்களில் செல்லி வந்தால் இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வராவிட்டால் ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமக்கக் கொடுத்துவிடுவார்.

“போட்டோவுக்கு நின்னு நின்னு நடக்கணும்மா. இது நிக்காது” என்றார் தனகோட்டி. கொஞ்சம் கழித்து, “நீ பாத்தத எழுது, போதும்.”

பார்க்கத்தான் வந்தாள். பனி விடவில்லை.

அப்போது கேட்டது.

முதலில் தரையில். பிறகு வேலிக் கம்பியில். பிறகு முழங்கை எலும்பில்.

மூன்று அடி. ஒரு சின்னத் தயக்கம். நான்காவது அடி.

அந்தத் தயக்கம் அவளுக்குத் தெரியும். மூன்று வயதில் அடிபட்ட இடது பின்னங்கால். இங்கே இருக்கும் அத்தனை குதிரைகளிலும் செல்லிக்கு மட்டும் உண்டு.

ஆயிரம் மீட்டர் கம்பத்தின் அருகே ஆட்கள் கடக்கும் வழியில் தென்னைநார் விரித்திருப்பார்கள். அங்கே வரும்போது குளம்புச் சத்தம் ஒரு கணம் அமுங்கும். அமுங்கியது. பொத்தானை அழுத்தினாள்.

வளைவில் சத்தம் சாய்ந்தது. நேர்ப்பாதையில் நிமிர்ந்தது. மூச்சுக்கூடக் கேட்டது. முடிவுக் கம்பத்தருகே நின்ற அவளுக்கு முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், கடந்து போனது.

அழுத்தினாள்.

முகத்தில் காற்றுப் படவில்லை. பனியும் கலையவில்லை. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிடம் நான்கு நொடி.

நோட்டில், காலியாக இருந்த மூன்றாவது வரியில், பென்சிலால் பெயரை எழுதினாள். பக்கத்தில் நேரத்தை எழுதினாள். ஒரு முறைகூடச் சந்தேகப்படவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கம்பளித் தொப்பி வந்தது. அதன் பின்னால் தனகோட்டி. அவர் பின்னால், தலையை ஆட்டியபடி, செல்லி.

அவள் செல்லியின் முதுகைப் பார்த்தாள்.

இந்தக் குளிரில் ஆயிரம் மீட்டர் ஓடிய குதிரையின் முதுகு, சோறு வடித்த பானைபோல ஆவிவிடும். செல்லியின் முதுகில் ஆவி இல்லை. ரோம நுனிகளில் பனித்துளிகள், ஒன்றுகூட உடையாமல்.

ஆனாலும் நோட்டை நீட்டினாள்.

தனகோட்டி எண்களை விரல் வைத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு தலையாட்டல் போதும். அவர் கை செல்லியின் கழுத்தில் போய் நின்றது.

“நாங்க ஓடலியேம்மா.”

இந்தப் பனியில் எந்தக் குதிரையையும் இன்றைக்கு ஓடவிடவில்லையாம். நடக்கவிட்டுக் கூட்டி வருகிறாராம்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“ஆனா நல்ல டைமு” என்றார்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

எழுது என்று அவர் சொல்லவில்லை. எழுதாதே என்றும் சொல்லவில்லை. கயிற்றை இழுத்தார். செல்லி நகரவில்லை.

இரண்டு காதுகளும் ஓடுபாதையை நோக்கி நிமிர்ந்திருந்தன. அங்கே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. இடது பின்னங்கால் தரையிலிருந்து ஒரு விரற்கடை எழுந்தது. தயங்கியது. இறங்கியது.

போன் அடித்தது. பத்திரிகையிலிருந்து எபினேசர்.

“அஞ்சாவது ரேஸ் மட்டும் பாக்கி மேடம். மூணாவது யாரு? டைம் என்ன?”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு நேரத்தை ரப்பரால் அழித்தாள். தாளை ஊதினாள். ஸ்டாப்வாட்சின் பொத்தானை அழுத்தினாள். ஒன்று நான்கு போய், பூஜ்யங்கள் வந்தன.

பெயரை அழிக்கவில்லை.

“காப்பர் மூன்” என்றாள். “டைம் இல்லை.”

“டைம் இல்லாம... நீங்களா?”

“பார்த்ததைச் சொல்றேன், எழுதிக்குங்க. ‘ஓடவில்லை. நடந்தது. காதுகள் நிமிர்ந்திருந்தன.’”

தனகோட்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுமுனையில் எபினேசர் கீபோர்டைத் தட்டுவது கேட்டது.

மூன்று தட்டு.

ஒரு சின்னத் தயக்கம்.