ஒரு கையில் அடங்குமா?

கூடத்தில் இருந்தவர்கள்: டெபோரா, அவள் கணவன் ஆஸ்டின், மாமனார் ஜெபராஜ், ஆஸ்டினின் மடியில் பத்து மாதக் குழந்தை ஜோசலின். சாப்பாட்டு மேசை மேல் இரண்டு கேமராக்கள்.

“இந்தச் சின்னது ஒரு கையில அடங்குமா?” என்று கேட்டார் ஜெபராஜ்.

“அடங்கும் மாமா.”

“பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டே எடுக்கலாமா?”

“எடுக்கலாம்.” டெபோராவின் குரல் இறங்கியது.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும். குரோம்பேட்டையில் கேமரா கடை வைத்திருக்கும் ஜமீர், “ரெண்டையும் ஒரு நாள் வீட்டுல வச்சுப் பாருங்க அக்கா. பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைச் சாயங்காலம் கொண்டாந்துடுங்க” என்று கொடுத்தனுப்பியிருந்தான். பெரியது ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ். லென்ஸ் மாற்றலாம். மண்டபத்து மங்கல் வெளிச்சத்திலும் முகம் துல்லியமாக விழும். அது தொழிலுக்கு. சின்னது காம்பாக்ட். உள்ளே சென்சார் பெரிது, உடம்பு சின்னது, கழற்ற முடியாத ஒரே லென்ஸ். அது வீட்டுக்கு.

மூன்று பேரும் கேமராவைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் டெபோரா இனி வேலைக்குப் போவாளா மாட்டாளா என்பது அந்தப் பேச்சில் முடிவாகிக்கொண்டிருந்தது.

ஜோசலின் பிறக்கும்வரை அவள் தாம்பரம் சுற்றுவட்டாரக் கல்யாணங்களைப் படமெடுத்தவள். முஸ்லிம் வீட்டு விசேஷங்களில் பெண்கள் பக்கம் படமெடுக்க அவளைத்தான் தேடுவார்கள். அங்கே ஆண் போட்டோகிராபருக்கு இடமில்லை. போன வாரம்கூட, ஜெபராஜின் சிநேகிதர் பல்லாவரம் மைதீன் பிச்சையின் மகள் இரம் போனில் கெஞ்சினாள். “புதன்கிழமை சாயங்காலம் எனக்கு மருதாணி வைக்கிற விசேஷம்க்கா. லேடீஸ் மட்டும்தான். நீங்க வந்தா போட்டோ, இல்லேன்னா போட்டோவே வேணாம்.”

குழந்தையை யாரிடம் விடுவது? வர முடியாது என்று சொல்லி போனை வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு டெபோரா அழுதாள். பீர்க்கன்கரணையில் அவர்கள் குடியிருந்த அந்தச் சின்ன வீட்டில் குழாய்ச் சத்தம் எதையும் பெரிதாக மறைக்காது.

இன்று புதன்கிழமை.

“அப்பா, அவளுக்குப் பெரிசுதான் பிடிச்சிருக்கு” என்றான் ஆஸ்டின்.

“நீ சும்மா இருடா. இப்ப நைட் ஷிப்டுக்குக் கேப் ஏறிப் போனா விடியக்காலை வர்றவன் நீ. வீட்டுல இருந்து பாக்கப் போறது நீயா?”

ஜெபராஜ் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்முறைத் தேர்வில் கேட்பது போலவே வீட்டிலும் கேட்பார். பதில் சரியாக இருந்தாலும் முகம் மாறாது. படிக்கும் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சின்ன கேமராவின் திரையை உற்றுப் பார்த்தார்.

“எழுத்தைப் பெரிசு பண்ணலாமா? தானா ஃபோகஸ் ஆகுமா?”

“எனக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியும் மாமா.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

“ஆகும். முகத்தைத் தானா பிடிச்சுக்கும்.”

“தூங்குறப்ப எடுத்தா சத்தத்துல முழிச்சுக்குவாளா?”

“சத்தமே வராது.”

“அப்ப இதுதான் சரி. அந்த அம்மிக்கல்லை வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள என்ன பண்றது?”

சுவரோரம் அம்மிக்கல்லின் மாற்று பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. காலையிலேயே செருகி வைத்தவர் ஜெபராஜ்தான்.

“திருப்பிக் குடுக்கப்போற சாமானுக்கு எதுக்குப்பா சார்ஜு?” என்றான் ஆஸ்டின்.

“ஒருத்தன் பொருளை வெறுமையா அனுப்பக் கூடாது. லேப் பழக்கம்.”

டெபோரா பெரிய கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். ஜோசலின் இரண்டு பல்லையும் காட்டிச் சிரித்தாள். டெபோரா பொத்தானை அழுத்தவில்லை. மெதுவாகப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“சின்னதே இருக்கட்டும் மாமா.”

ஆஸ்டின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தெருவில் கேப் ஹாரன் அடித்தது. குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மனைவியின் தோளை ஒரு முறை அழுத்திவிட்டு ஓடினான்.

ஜெபராஜ் பேட்டரியைப் பிடுங்கிப் பையின் பக்க அறையில் போட்டார். பையை அவள் தோளில் மாட்டினார்.

“கிளம்பு. நேரமாச்சு.”

“கடை எட்டு மணி வரைக்கும் இருக்கும் மாமா. பாப்பாவையும் தூக்கிக்கிட்டு மெதுவா…”

“இந்த டிராஃபிக்ல குழந்தையோடயா? கிளம்புன்னா கிளம்பு.”

இவ்வளவு அவசரமா அதைத் துரத்த, என்று நினைத்துக்கொண்டே டெபோரா செருப்பை மாட்டினாள். வாசற்படி தாண்டித் திரும்பினாள். “ஜமீர்கிட்ட குடுத்துட்டு உடனே வந்துடறேன்.”

“ஜமீர் எதுக்கு? நேரா பல்லாவரம் போ. நீ மருதாணிக்கு வர்றேன்னு மைதீன் பிச்சைகிட்ட நேத்தே சொல்லிட்டேன்.”

“மாமா… அப்ப சின்னது?”

ஜெபராஜ் சின்ன கேமராவைத் தன் சட்டைப் பையில் திணித்தார். அது பாதிதான் நுழைந்தது. “அது என் பென்ஷன்ல எனக்கு வாங்குறது. ஒரு கையில பாப்பாவை வச்சுக்கிட்டு இன்னொரு கையில எடுக்கலாமான்னு பின்ன யாருக்காகக் கேட்டேனாம்?”

அவர் இடுப்பில் ஜோசலின் அழுவதற்கு உதட்டைப் பிதுக்கினாள். டெபோரா ஓரடி உள்ளே எடுத்து வைப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது, உள்ளே சாவி திரும்பியது.