சேவல் படிச்ச பிரெஞ்சு

ஏய், பேச்ச நிறுத்திட்டு உக்காருங்கப்பா!

பிரான்ஸுலேருந்து நம்ம பண்ணைக்கு ஒரு பொட்டக்கோழி வந்து எறங்குச்சு. யாரோடயும் பேசாம ஓரமா தனியா நின்னுச்சு. நம்ம சேவலுக்கு மனசு கேக்கல. எப்படியாவது அதுகிட்ட ‘சாப்டியா’ன்னு கேட்டுடணும்! பிரெஞ்சு படிக்க, அது தெரிஞ்ச வாத்துகிட்ட போச்சு.

“மூக்கால சொல்லுடா, போன்ழூர்!”

“போஓங்ங்ழூர்!”

“ஆங், சளி புடிச்சாப்புல இருக்கு, அதான் சரி. அடுத்து மெர்சி.”

“அண்ணே, வணக்கமும் நன்றியும் கெடக்கட்டும். ‘சாப்டியா’க்கு என்னண்ணே?”

“அதெல்லாம் பத்தாம் பாடம்டா!”

தெனமும் கோழி பக்கத்துலயே இந்தக் கூத்து. பொறுக்கமாட்டாம ஒருநாள் சேவல் நெஞ்ச நிமித்திட்டு அதுகிட்டயே போச்சு. “போங்ழூர்... மெர்சி... அப்புறம்...” அதுக்கு மேல வரல.

கோழி முதல் தடவையா வாயத் தொறந்துச்சு. “உனக்கு பிரெஞ்சு வர்றதுக்குள்ள எனக்குத் தமிழே வந்துருச்சுய்யா. இன்னும் சாப்டல, வா!”