பால் கேன் மூடிகள்

இரவெல்லாம் கொட்டிய பனி ஓய்ந்திருக்கிறது. கொல்லையில் சின்னச் சின்ன காலி பிளாஸ்டிக் பால் கேன்கள் பாதி புதைந்து நிற்கின்றன. அவற்றினுள் மண்ணும், பனிக்குளிர் பட்டு முளைக்கட்டும் என்று மார்லிஸ் தூவிய பாப்பிப் பூ விதைகளும்; இலையுதிர்காலத்தில் இறந்துபோன அவள் கணவன் ஹால் கடைசியாகச் சேர்த்துவைத்தவை. "மார்லிஸ், நேத்து மூடியைக் கழட்டாமயே வச்சியே! பனித்தண்ணி எப்படி உள்ள இறங்கும்? ஹால் இருந்தா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பான்," என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஐரீன் சிரிக்கிறாள். எரியும் அடுப்பருகே தொங்கும் ஹாலின் கோட்டை மாட்டிக்கொண்டு மார்லிஸ் கொல்லைக்கு ஓடுகிறாள். பனியில் ஒரு காலடித் தடமும் இல்லை. கேன்களின் வாய்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. உள்ளே யாரோ மூச்சுவிட்டதுபோல் ஆவி படிந்திருக்கிறது. "கழட்டிட்டியா?" என்கிறாள் ஐரீன். விறைத்த கையைக் கோட்டுப் பைக்குள் விடுகிறாள் மார்லிஸ். மூடிகள். அவற்றின் மேல் பனி இன்னும் உருகவில்லை.