கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட்

லிங்கராஜ் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது மணி பத்தரையா, பதினொன்றா, எனக்குச் சரியாகத் தெரியாது. அங்கே வேலை பார்க்கும் ஜெபிஷா இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறாள்.

செருப்பைக் கழற்றாமல் வந்தான் என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லை.

"கம்ப்யூட்டரத் தொற. நேத்து எடுத்த படமெல்லாம் நான் பாக்கணும்."

அவள் தனியாக இருந்தாள். முதலாளி சுந்தரராஜ் ஒரு ஞானஸ்நானத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தார். வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதற்குள் லிங்கராஜின் சித்தப்பாவும் இன்னும் மூன்று பேரும்.

லிங்கராஜின் தங்கை முத்துச்செல்வி ஜெபிஷாவின் தோழி. முந்தின நாள் அவளும் திரேஸ்புரத்துப் பெனிஸ்டனும் பதிவுத் திருமணத்துக்கு இங்கேதான் படம் எடுத்துக்கொண்டார்கள். இன்று விடிந்தபோது அவள் வீட்டில் இல்லை. அலமாரியில் இந்த ஸ்டுடியோவின் வெற்றுக் கவர் மட்டும் கிடைத்திருக்கிறது.

யாருடன் போனாள் என்று காரில் இருந்தவர்களுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால், மாலை ரயிலுக்காக அந்த இருவரும் ஒளிந்திருக்கும் வீட்டுக்குப் பத்து நிமிடம்தான்.

படங்களை ஜெபிஷா காலையிலேயே அழித்துவிட்டாள். ஆனால் போட்டோஷாப்பைத் திறந்தால், கடைசியாக வேலை செய்த படங்கள் முகப்பில் சின்னச் சின்னதாக வரிசைகட்டி நிற்கும். அழித்த படமும் நிற்கும்.

இப்போதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"சாப்ட்வேர் மக்கர் பண்ணுது அண்ணே. ரீசெட் பண்ணித்தான் தொறக்கணும்."

கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட். மூன்றையும் சேர்த்து அழுத்திக்கொண்டே திறக்க வேண்டும். ஒரு விரல் நழுவினாலும் எல்லாம் பழையபடி திறந்துகொள்ளும், அந்த இரண்டு முகங்களோடு.

விரல்கள் வியர்த்திருந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய மூச்சு அவள் உச்சந்தலையில் பட்டது.

திரையில் கேள்விப் பெட்டி வந்தது. அமைப்புகளை அழிக்கவா?

சுந்தரராஜ் ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பிரஷ்கள், பாஸ்போர்ட் அளவு, கல்யாணப் பெண்களை ஒரு சுற்று வெளுப்பாக்கும் கணக்கு, எல்லாம் போகும்.

ஆம் என்று அழுத்தினாள்.

போட்டோஷாப் அன்றுதான் வாங்கியதுபோலத் திறந்தது. முகப்பில் ஒரு படம்கூட இல்லை.

லிங்கராஜ் நிமிர்ந்து வாசலைப் பார்த்தான்.

"ஏலே, உள்ள என்ன சினிமாவா ஓடுது?" சித்தப்பா காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

லிங்கராஜ் அவள் காதருகே குனிந்தான்.

"ஏளா, டெஸ்க்டாப்புல இன்னொண்ணு கெடக்கு. அதையும் அழி."

முத்துச்செல்வியும் பெனிஸ்டனும் தோளொட்டி நின்ற படம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக நேற்று அவளே இழுத்துப்போட்டு மறந்தது. அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் திரையைப் பார்த்திருக்கிறான்.

அழித்தாள்.

அவன் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "இங்கன ஒண்ணுமில்ல சித்தப்பா. வண்டிய எடுங்க."

முத்துச்செல்வியும் பெனிஸ்டனும் இப்போது கொச்சியில் இருக்கிறார்கள்; ஒரு மகள். சித்தப்பா போன வருடம் மாரடைப்பில் இறந்தார். சுந்தரராஜுக்குப் பழைய அளவுகளையெல்லாம் திரும்ப வைக்க ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதமும் அவர் ஜெபிஷாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். லிங்கராஜ் துறைமுக ரோட்டில் லாரி ஆபீஸ் நடத்துகிறான். தங்கையோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.